ஆளுக்கொரு வடிகட்டி அமைத்த ஸ்டெல்லா

ஸ்டெல்லா இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு எங்கள் பழைய அலுவலகத்தின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்து விழுந்தது. போட்டவர் மோகன்ராஜ், எங்கள் முன்னாள் பொது மேலாளர். ஒரு மெழுகுவர்த்திப் படம், அதன் கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி. நிறுவனத்தின் விலைமதிப்பற்ற சொத்து, தன்னலமற்ற உழைப்பாளி, என் வலது கை என்றெல்லாம் எழுதியிருந்தார். ஸ்டெல்லாவின் பெயரில் மட்டும் ஓர் எழுத்தை விட்டிருந்தார். பத்து நிமிடத்துக்குள் முப்பது பேர் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். அந்த அறுபது கைகளில் ஒன்றுகூட, ஸ்டெல்லா வேலையை விட்டுப் போன நாளில் அவர் பெட்டியைத் தூக்கிக் காரில் வைக்க நீளவில்லை. என் கையும் நீளவில்லை. அதனால் நான் எதையும் போடாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

அரை மணி நேரம் கழித்து மோகன்ராஜே அழைத்தார். ஓய்வுபெற்ற பிறகும் நிறுவனத்தின் செய்தி மடலுக்கு அவர்தான் ஆலோசகராம். நான் பத்திரிகைகளில் அவ்வப்போது எழுதுகிறவன் என்பதால் ஸ்டெல்லாவைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டும் என்றார். நல்லதாக, மனதைத் தொடுகிற மாதிரி, அந்த மின்னஞ்சல் திட்டத்தையும் ஒரு வரி சேர்த்து. அதில் தானும் அவரும் சேர்ந்து பாடுபட்டதைச் சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்றும் சொன்னார். எழுதுகிறேன் என்றேன். எழுதியிருக்கிறேன். அவருடைய செய்தி மடலில் இது வராது. குருபோங் தொழிற்பேட்டையில் அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எங்களோடு இருந்தவர்களே, இது உங்களுக்காக. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்.

ஸ்டெல்லா பெம்பானில் பிறந்தவர். அப்பா செம்பனைக் குலைகள் ஏற்றும் லோரி ஓட்டுநர். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போவார்; பாதிரியாரின் பிரசங்கம் நீண்டால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட ஒரு கணக்குப் பிரிவுப் பெண்ணிடம், உன் வீட்டுக்காரரை ஒருமுறை பார்த்தேன், அதனால்தான் என்றாராம். அன்பானவர், எல்லாருக்கும் இனிமையானவர் என்று குழுவில் எழுதியிருக்கிறீர்களே, அவர் யாருக்கு இனிமையாக இருந்தார்? அலுவலகச் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் அவர். சர்வர் இருந்த அவருடைய சின்ன அறையில் விருந்தாளிக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதன்மேல் எப்போதும் பழுதான விசைப்பலகைகளை அடுக்கி வைத்திருப்பார். யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். நின்றுகொண்டே சொன்னால்தான் மனிதர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு.

நான் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் இருந்தேன். கப்பல் நிறுவனங்களிலிருந்தும் சுங்கத் தரகர்களிடமிருந்தும் வரும் மின்னஞ்சல்தான் என் பிழைப்பு. அதனால் வாரத்துக்கு இரண்டு முறையாவது அந்த அறையில் போய் நின்றிருக்கிறேன். ஒருமுறை, அவசரக் கடிதம் ஒன்று இன்னும் வரவில்லை, சர்வரில் கோளாறா பாருங்கள் என்றேன். அவர் திரும்பாமலே, அனுப்புகிறவன் இன்னும் எழுதவில்லை என்றால் அதற்கும் என் சர்வரா பொறுப்பு என்று கேட்டார். தரகருக்குப் போன் செய்தேன். அவர் இன்னும் எழுதவில்லை.

இனி மோகன்ராஜின் குப்பைக்கு வருகிறேன்.

ஓர் ஆண்டு அவருடைய பெட்டியில் குப்பை மின்னஞ்சல் குவிந்தது. உடனடிக் கடன், வழுக்கைக்கு மருந்து, குலுக்கலில் கார் விழுந்த நற்செய்தி. எல்லாருக்கும்தான் கொஞ்சம் வந்தது. அவருக்கு மட்டும் வெள்ளமாக வந்தது. காரணம் எளியது. பேரங்காடியில், கோல்ஃப் திடலில், ஹோட்டல் விருந்தில் எங்கே குலுக்கல் சீட்டைக் கண்டாலும் அலுவலக முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதிப் போடுகிற மனிதர் அவர். இதை ஸ்டெல்லா அவரிடமே சொன்னார். அவருக்குப் பிடிக்கவில்லை. தன் பெட்டி அசுத்தமானதற்கு அலுவலகம் முழுவதும் சோப்புப் போட வேண்டும் என்று முடிவு செய்தார்.

அப்போது எங்கள் சர்வரில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வடிகட்டி. ஒரு மடல் வாசலுக்கு வந்ததும் வடிகட்டி அதற்குப் புள்ளி போடும். சந்தேகமான சொல்லுக்கு இவ்வளவு, போலி முகவரிக்கு இவ்வளவு என்று கூட்டி, ஐந்தைத் தாண்டினால் குப்பை என்று ஒதுக்கும். மோகன்ராஜ் அந்த ஐந்தை மூன்றாகக் குறைக்கச் சொன்னார். ஒதுக்கி வைப்பதெல்லாம் வேண்டாம், வாசலிலேயே அழித்துவிடு என்றார். அதோடு தன் கையால் ஒரு சொல் பட்டியல் எழுதிக் கொடுத்தார். அதில் மூன்றாவது சொல் ‘பெர்மொஹோனான்’. மலாயில் விண்ணப்பம். கடன்காரர்கள் எல்லாம் ‘உங்கள் பெர்மொஹோனான் ஏற்கப்பட்டது’ என்றுதான் ஆரம்பிக்கிறார்களாம். இந்த நாட்டில் அந்தச் சொல் இல்லாமல் ஓர் அரசாங்கக் கடிதம் எழுத முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மாதாந்திரக் கூட்டத்தில் ஸ்டெல்லா எழுந்து இது கூடாது என்றார். ஒரே மடல் ஒருவருக்குக் குப்பை, இன்னொருவருக்கு வேலை. விலைப்பட்டியல் மேலாளருக்குத் தொல்லை, கொள்முதல் பிரிவுக்கு அதுதான் சோறு. அதனால் ஆளுக்கொரு வடிகட்டி வைக்கலாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவு, அவரவர் அனுமதிப் பட்டியல். எதையும் அழிக்காமல் ஒரு மாதம் ஒதுக்கி வைக்கலாம். சர்வரில் இதைச் செய்ய முடியும், தனக்கு ஒரு வாரம் போதும் என்றார். நான் அந்தக் கூட்டத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். என் தமிழும் ஆங்கிலமும் மலாயும் சுத்தமாக இருக்கும் என்பதால் அந்த வேலை என் தலையில் கட்டப்பட்டிருந்தது.

மோகன்ராஜ் சிரித்தார். “இது ஆபீஸா, ஓட்டலா? ஆளாளுக்கு மெனு குடுக்கிறதுக்கு. ஒரே ரூல் லா, எல்லாருக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஸ்டெல்லா உட்காராமல் நின்றார். “எழுதிக் குடுங்க, செய்றேன்” என்றார். மோகன்ராஜ் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் எதையும் எழுதிக் கொடுக்க மாட்டார். அவர் பதவி உயர்வின் ரகசியமே அதுதான். குறிப்பில் இருக்குமே, அது போதாதா என்று என்னைக் காட்டினார். நான் தலையாட்டினேன். அந்த வாரமே வடிகட்டி இறுக்கப்பட்டது.

மாணிக்கம் அண்ணனை உங்களுக்குத் தெரியும். ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், டுரியான் துங்காலில் வீடு. அவர் மனைவி ருக்குமணி பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பிறந்தபோது யாரும் பதிவு செய்யவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். இதே மண்ணில் பிறந்து, இங்கேயே ரப்பர் பால் வெட்டி, இங்கேயே பிள்ளை பெற்று, வெளிநாட்டுக்காரரைப் போல் ஒவ்வொரு அரசாங்க அலுவலக முகப்பிலும் தனி வரிசையில் நின்றவர். குடியுரிமைக்கு இரண்டு முறை விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டு, மூன்றாம் முறை விண்ணப்பித்திருந்தார்கள். படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்டிருந்தது. மாணிக்கம் அண்ணனிடம் இருந்த ஒரே முகவரி, ஸ்டோர் ஆட்களுக்கு நிறுவனம் கொடுத்தது. அதைத்தான் எழுதிக் கொடுத்தார்.

பல மாதம் கழித்து ஒரு நாள், கூடவே விண்ணப்பித்த பக்கத்து வீட்டுக்காரருக்கு நேர்முகம் முடிந்துவிட்டது என்று தெரிந்து, மாணிக்கம் அண்ணன் ஸ்டெல்லாவின் அறைக்கு வந்தார். தனக்கு ஏதாவது வந்ததா என்று கேட்டார். நான் அப்போது என் வேலையாக அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா சர்வரின் பதிவுகளைத் தேடினார். ஒவ்வொரு மடலும் எப்போது வந்தது, எங்கே போனது என்ற ஒரு வரி அதில் இருக்கும். மூன்று வாரம் பின்னால் போனதும் அவர் விரல் நின்றது. அனுப்பியவர் முகவரி அரசாங்கத் துறை. பெறுநர் மாணிக்கம். தலைப்பில் பெர்மொஹோனான், பக்கத்திலேயே நேர்முகத் தேதி. புள்ளி மூன்றுக்குச் சற்று மேல். கடைசிச் சொல், அழிக்கப்பட்டது.

பழைய அளவான ஐந்து இருந்திருந்தால் அது அவர் பெட்டிக்குள் போயிருக்கும். நேர்முக நாள் கடந்து ஆறு நாள் ஆகியிருந்தது. வராதவர்களின் விண்ணப்பம் முடிந்து போனதாக எடுத்துக்கொள்வார்கள். மறுபடி முதலிலிருந்து, மறுபடி வருடக்கணக்கில்.

ஸ்டெல்லா நாற்காலியிலிருந்த விசைப்பலகைகளை எடுத்துத் தரையில் வைத்தார். “உக்காருங்க அண்ணே” என்றார். அந்த நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு, என்ன நடந்தது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். மடல் வந்தது, எங்கள் சர்வர் அழித்துவிட்டது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று மட்டும் மாணிக்கம் அண்ணன் கேட்டார்.

அடுத்த நாள் மோகன்ராஜ் அவசரக் கூட்டம் கூட்டினார். மாணிக்கம் அண்ணன் தொழிற்சங்கத்துக்குப் போய்விடுவாரோ என்ற பயம். மற்றபடி ருக்குமணி என்று ஒரு பெண் உலகத்தில் இருப்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. வடிகட்டியை இறுக்கச் சொன்னது யார் என்ற பேச்சு வரும் முன்பே, சர்வர் நிர்வாகியின் கவனக்குறைவால் இது நேர்ந்தது என்று அவரே சொல்லி, என்னைப் பார்த்து எழுதிக்கொள் என்றார். முந்தைய கூட்டத்தின் குறிப்பைப் பார்க்கலாமே என்றார் ஸ்டெல்லா. அந்தக் குறிப்பில் மோகன்ராஜின் உத்தரவு இல்லை. தட்டச்சு செய்து ஒப்புதலுக்கு அவரிடம் அனுப்பியிருந்தேன். அவர் அந்தப் பத்தியை அடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார். நானும் அதைத் திரும்பச் சேர்க்காமலே விட்டிருந்தேன். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது, பதவி உயர்வு பாக்கி இருந்தது. கோழைகள் எல்லாரிடமும் இருக்கிற அதே காரணங்கள்தான். இரண்டாவது குறிப்பிலும் அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதினேன். இலக்கணப் பிழை இல்லாமல் எழுதினேன்.

ஸ்டெல்லா அதில் கையெழுத்துப் போட மறுத்தார். தாளை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“குணா, அன்னிக்கு நீ அங்க இருந்த தானே?”

இருந்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நான் தாளை எடுத்துக் கோப்பில் வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை கப்பல் ஆவண வேலைக்காக நான் அலுவலகம் வந்தபோது ஸ்டெல்லாவின் அறையில் விளக்கு எரிந்தது. அனுமதி கேட்காமல் ஆளுக்கொரு வடிகட்டியை அமைத்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்ததும் போய்விடச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சோதனைக்கு ஒரு பெட்டி வேண்டும், உன்னுடையதை எடுத்துக்கொள்கிறேன், கெட்டுப்போனால் யாருக்கும் நட்டமில்லை என்றார்.

அவர் செய்ததை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஒரு மடல் பத்துப் பேருக்கு வந்தாலும் வாசலில் அது ஒரே மடல்தான். அங்கே வடிகட்டினால் பத்துப் பேரில் யார் விருப்பப்படி புள்ளி போடுவது? அதனால் வடிகட்டியை வாசலிலிருந்து கழற்றி, மடல் ஆளாளுக்குப் பிரிந்த பிறகு, ஒவ்வொருவர் பெட்டிக்கும் முன்னால் வைத்தார். வைரஸ் உள்ள மடல்களை மட்டும் வாசலிலேயே தடுத்தார். ஒவ்வொருவர் அளவையும் அனுமதிப் பட்டியலையும் ஓர் அட்டவணையில் போட்டார். வடிகட்டி பெறுநரின் பெயரைக் கேட்டு அவருடைய வரியை மட்டும் படிக்கும். எல்லார் பெட்டியிலும் குப்பை என்று ஓர் அடுக்கு, குப்பை இல்லை என்று ஓர் அடுக்கு. ஒரு மடலை இதிலிருந்து அதற்கு இழுத்துப் போட்டால், அந்த ஆளுடைய வடிகட்டி அதிலிருந்து கற்றுக்கொள்ளும். உன்னிடமிருந்து கற்றது இன்னொருவரைத் தொடாது.

முதல் முயற்சியில் என் பெட்டிக்கு வர வேண்டியது ஸ்டோருக்குப் போனது. இரண்டாவது முயற்சியில் வடிகட்டி எவருடைய பெயரையும் கேட்காமல் எல்லாரையும் ஒரே ஆளாக நினைத்தது. இதுவும் மேனேஜ்மெண்டுல சேர்ந்துடுச்சு என்று திரையைப் பார்த்துச் சொன்னார். அன்று அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அது. ஞாயிறு பூசை முடிந்து மறுபடி வந்தார். மாலைக்குள் ஓடியது. மாணிக்கம் அண்ணனின் வரியில் அளவைத் தளர்த்தி, அரசாங்க முகவரிகளை அனுமதிப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் காரை எடுத்தார்.

திங்கட்கிழமை முதல் ஒரு வாரம் ஒவ்வொரு மேசைக்கும் போய்ப் பத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தார். நினைவிருக்கிறதா? அவருக்கு வேலை இல்லை என்று முதுகுக்குப் பின்னால் சொன்னீர்கள். எது உனக்கு வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. எல்லாம் வேண்டும் என்றவர்களும் உண்டு, உங்களுக்கே தெரியும் அக்கா, நீங்களே பார்த்துப் போடுங்கள் என்றவர்களும் உண்டு. “ஒனக்கு எது குப்பைன்னு நான் சொல்லணுமா? அப்ப எதுக்கு ஒனக்கு ஒரு தலை?” என்று கொள்முதல் அதிகாரி ஒருவரிடம் கேட்டது இரண்டு மேசை தள்ளி எனக்குக் கேட்டது.

கடைசியாக மோகன்ராஜின் அறைக்குப் போனார். கதவு சாத்தப்பட்டது. கால் மணி நேரம் கழித்து ஸ்டெல்லா எப்போதும் போல வெளியே வந்தார். மோகன்ராஜின் முகம் வெளுத்திருந்தது. அந்தப் பெட்டியில் கடனும் வழுக்கை மருந்தும் மட்டும் இருந்திருக்காது என்பது யாருக்கும் புரியும். அந்த வாரம் முழுவதும் அவர் ஸ்டெல்லாவுக்கு வழிவிட்டு நடந்தார். ஒரு வார்த்தை போதும், அந்தக் குறிப்பில் உள்ள பழி தானாகப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. தேநீர் நேரத்தில் அதை அவரிடமே சொன்னேன், பெரிய யோசனை சொல்கிறவனைப் போல.

“அது அவரு குப்பை குணா. அவரு பெட்டியில இருக்கு. அத எடுத்து நா எதுக்கு வாயில போட்டுக்கணும்?”

கடைசி வரை அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நான் நம்பத் தகுந்தவன் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்து, மாணிக்கம் அண்ணனையும் ருக்குமணியையும் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு அந்தத் துறையின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே நடந்ததை மாணிக்கம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முகப்பிலிருந்த மலாய் அதிகாரி, நாள் தவறினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதுதான் என்றாராம். ஸ்டெல்லா சர்வர் பதிவின் அச்சையும் ஒரு கடிதத்தையும் நீட்டினார். மடல் உங்களிடமிருந்து வந்தது, எங்கள் சர்வரில் நடந்த தவறால் அழிந்தது, சர்வர் நிர்வாகி என்ற முறையில் பொறுப்பு என்னுடையது என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்து, இது யாருடைய தவறு என்று மறுபடி வாயால் கேட்டார்.

“‘சாயா’ன்னு சொன்னாங்க” என்றார் மாணிக்கம் அண்ணன். “ஒரே வார்த்த. எங்க மேனேஜர், அவரு இவருன்னு ஒண்ணுமே சொல்லல. எனக்குத்தான் கண்ணு கலங்கிப்போச்சு.”

சாயா என்றால் மலாயில் நான். அலுவலகக் குறிப்பில் ஒரு வாக்கியத்தை ஏற்க மறுத்தவர், அந்த முகப்பில் முழுப் பழியையும் தன் பெயரில் எழுதிக் கொடுத்தார். யார் மேல் தவறு என்று அங்கே வழக்காடிக்கொண்டிருந்தால் ருக்குமணிக்கு நாள் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அதிகாரி உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து புதிய நேர்முக நாள் கொடுத்தார். அந்த அதிகாரியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த இரண்டே பேரில் ஒருவர் அவர்.

அந்தக் கடிதத்தின் பிரதி மோகன்ராஜின் கைக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. நிறுவனத்தின் தாளில் எழுதியதால் பிரதியைக் கோப்பில் வைத்தது ஸ்டெல்லாவாகவே இருக்கலாம்; அப்படிப்பட்ட ஆள்தான். மோகன்ராஜுக்கு அது மழை மாதிரி வந்தது. அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் பாருங்கள் என்று தாளை ஆட்டிக் காட்டினார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஸ்டெல்லாவை ஸ்டோரில் பெட்டிகளுக்குப் பட்டை ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். சர்வரைக் கவனிக்க வெளியிலிருந்து ஆள் வந்தார். வந்தவர் அமைப்பைப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது, இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று கேட்டார். மோகன்ராஜ், எங்கள் குழு என்று பதில் சொன்னார்.

அந்த ஆண்டு இறுதி விருந்தில் முதலாளி முன்னால் ஆளுக்கொரு வடிகட்டித் திட்டத்தைத் திரையில் காட்டியது மோகன்ராஜ்தான். ஒவ்வொரு ஊழியரின் தேவையும் வேறு, எல்லாருக்கும் ஒரே விதி பொருந்தாது என்று சொன்னார். ஓட்டல் மெனு என்று சிரித்த அதே வாயால் சொன்னார். அவருக்குக் கண்ணாடியில் செதுக்கிய ஒரு கேடயம் கிடைத்தது. நாம் எல்லாரும் கைதட்டினோம். ஸ்டோர் ஆட்களுக்குக் கடைசி மேசை. அங்கே ஸ்டெல்லா கோழிக்கறியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் இரண்டு முறை கைதட்டினார். மூன்றாவது முறைக்குக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்த மாதம் வேலையை விட்டார். பிறகு ஜாசினில் சின்னச் சின்ன கிளினிக்குகளுக்குக் கணினி பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். போன ஆண்டு கணையத்தில் புற்று என்றார்கள்.

ருக்குமணிக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வந்துவிட்டது. வந்த அன்றே அவரும் மாணிக்கம் அண்ணனும் பெம்பானுக்குப் போய் அதை ஸ்டெல்லாவிடம் காட்டினார்களாம். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, படம் நன்றாக விழவில்லை என்றாராம்.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் ருக்குமணி உட்கார்ந்திருந்தார். விடியற்காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை என்று மாணிக்கம் அண்ணன் சொன்னார். பதினோரு மணி போல மோகன்ராஜ் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். கூட நிறுவனத்தின் இரண்டு ஆட்கள், ஒருவர் கையில் கேமரா. மலர்வளையத்தை வைத்துவிட்டு, ருக்குமணி கேமராவை மறைப்பதைப் பார்த்து, கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா என்று கையசைத்தார். ருக்குமணி எழுந்து சுவரோரம் போய் நின்றார்.

நான் மோகன்ராஜின் பக்கத்தில் போய், “சார், அவங்கதான் ருக்குமணி” என்றேன்.

“யாரு?”

“மாணிக்கத்தோட மனைவி. சிவப்பு ஐசி. அந்த இமெயில்.”

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மறைக்கவில்லை அவர், உண்மையிலேயே நினைவில்லை. ஓ, நல்லது நல்லது என்று ருக்குமணியைப் பார்த்துப் புன்னகைத்துத் தலையசைத்தார். இத்தனை ஆண்டு அவரை ஒரு கெட்டவராக வைத்துக் கோபப்பட்டிருந்தேன். அந்த மதிப்புக்குக்கூட அவர் தகுதியில்லாதவர் என்று அன்று தெரிந்தது. படம் எடுத்து முடித்ததும் ருக்குமணி திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே உட்கார்ந்தார்.

நாம் அவரைவிட மேலா என்று கேட்டால், நம்மிடம் கேடயம் இல்லை, அவ்வளவுதான். என்னைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது.

இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு ஸ்டெல்லாவைப் பார்க்கப் போயிருந்தேன். வற்றிப் போயிருந்தார், பேச்சு மட்டும் வற்றவில்லை. என் வழுக்கையைப் பார்த்து, மோகன்ராஜுக்கு வந்த மருந்து விளம்பரத்தை உனக்குத் திருப்பிவிட்டிருக்கலாம் என்றார். கொஞ்ச நேரம் எதை எதையோ பேசினோம். பிறகு அந்தக் கூட்டக் குறிப்பைப் பற்றி எடுத்தேன். நான் எழுதியது பொய் என்றும், அன்று வாய் திறக்காதது தவறு என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். பல முறை காரில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள்.

அவர் தலையணையைச் சரிசெய்யச் சொன்னார். சரிசெய்தேன்.

“காலத் தெரியாம மிதிச்சிருந்தா மன்னிச்சிருவேன் குணா. நீ ஒக்காந்து யோசிச்சு எழுதுன. அதுக்கு மன்னிப்பு எங்கிட்ட இல்ல. டீ ஆறுது, குடி.”

அதில் கோபம் இல்லை. நான் வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். அடுத்த வாரமும் வரச் சொன்னார், வரும்போது பாசாரில் நல்ல மரவள்ளிக்கிழங்கு கிடைத்தால் வாங்கி வரச் சொன்னார். வாங்கிப் போனேன். அவரால் சாப்பிட முடியவில்லை. என்னைச் சாப்பிட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்பைப் பற்றி இருவரும் மறுபடி பேசவில்லை.

நீங்கள் எல்லாரும் அவருடைய அன்பை, உழைப்பை, சிரித்த முகத்தை எடுத்துக்கொண்டுவிட்டீர்கள், குழுவில் பார்த்தேன். வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் எனக்குத் தராத அந்த மன்னிப்பை. தந்திருந்தால் நான் அதை வாங்கிக்கொண்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்து, கும்பிடும் கைகளைப் போட்டிருப்பேன்.